நிரம்பிய போத்தல்

எங்கள் ஆய்வுகூடத்தில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. காலை எட்டு மணி வெயில் அதன் வழியே வந்தால், மேசையில் வரிசையாக நிற்கும் சிறுநீர்ப் போத்தல்கள் எல்லாம் உள்ளே விளக்கேற்றி வைத்ததுபோல ஒளிரும். ஒன்று தேநீர் நிறம், ஒன்று தேன் நிறம், இன்னொன்று நிறமென்று சொல்லவே முடியாத வெளிர் மஞ்சள். கிழக்கு லண்டனில் உள்ள ஒரு வைத்தியசாலையில் பதினொரு வருடமாக எனக்கு இதுதான் வேலை. வருகிற போத்தலை வாங்கி, லேபலைச் சரிபார்த்து, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து குறித்து, உள்ளே அனுப்புவேன். விருந்துக்கு வந்தவர்கள் எங்கே வேலை என்று கேட்டால் "லாப்பில" என்று மட்டும் சொல்லிவிட்டு வடைத் தட்டை நீட்டிவிடுவேன். ஆனால் அந்த எட்டு மணி வெளிச்சம் எனக்கு மிகவும் பிடிக்கும். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் வசந்த காலத்தில் சீனப் பிள்ளைகளின் போத்தல்கள் வரத் தொடங்கின. எங்கள் ஆய்வுகூடத்து டாக்டர் ஒருவர், அவரும் சீனர்தான், ஒருநாள் தேநீர் வேளையில் ஒரு கேள்வி கேட்டார். சிறுநீரில் இவ்வளவு கல்சியம் போனால் சாதாரணம், இதற்கு மேல் போனால் கூடாது என்று ஒரு கோடு வைத்திருக்கிறோமே, அது யாருடைய பிள்ளைகளை அளந்து போட்ட கோடு என்றார். மூன்று வேளையும் பால் குடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கும், பாலையே தொடாத தன் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கோடு சரிவருமா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. சனிக்கிழமைகளில் சீனம் படிக்கப் போகிற பதின்ம வயதுப் பிள்ளைகளிடம், பெற்றோரின் சம்மதத்தோடு, ஒரு முழு நாள் சிறுநீரைக் கேட்டு வாங்கினார். பிள்ளை சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை இல்லை.

எனக்கு அது புதிதாக இருந்தது. பதினொரு வருடமாக என் கைக்கு வந்தவை எல்லாம் நோயாளிகளின் போத்தல்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவர் எங்கோ பயந்துகொண்டு இருப்பார். இவையோ ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளுடையவை. பெயர் இல்லை. ஓர் இலக்கம், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பிள்ளையே தெரிவதுபோல இருக்கும். பதினாறாம் இலக்கம் தண்ணீர் குடிக்க மறந்துபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் கிடப்பவன். இருபத்துமூன்று நீச்சல் பழகுகிறவள், தலைமயிர் எப்போதும் ஈரம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ரயிலில் கண் சொருகினால், அந்தப் பிள்ளைகள் புத்தகப் பையோடு என் பெட்டியில் ஏறி எனக்கு எதிரே வரிசையாக இருப்பார்கள். ஒருவரும் பேசுவதில்லை. எல்லோரும் நல்ல சுகம். கண் விழித்தால் நான் இறங்க வேண்டிய பார்க்கிங் ஸ்டேஷன் வந்திருக்கும். சில நாள் அது தாண்டி அப்னியும் வந்திருக்கும். என்னை நானே திட்டிக்கொண்டு மறுபக்க ரயிலுக்கு ஓடுவேன்.

அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்குச் சந்தேகம் வந்தால் தொலைபேசியில் பதில் சொல்வதும் என் தலையில் விழுந்தது. சொல்ல வேண்டியது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதல் நாள் காலையில் எழும்பியதும் போவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். அதன் பிறகு அடுத்த நாள் அதே நேரம் வரை ஒரு சொட்டு விடாமல் போத்தலில் சேர்க்க வேண்டும். வழக்கம்போலச் சாப்பிட வேண்டும், வழக்கம்போலக் குடிக்க வேண்டும். போத்தல் மூன்று லீற்றர் பிடிக்கும். அரைவாசி வந்தாலும் சரி, கால்வாசி வந்தாலும் சரி. ஒரு தாய், குரலில் நல்ல தயக்கம், முதல் நாளே மகனுக்கு எலும்பு சூப் காய்ச்சிக் கொடுக்கலாமா என்று கேட்டார். எலும்பு நல்ல பலமாக இருக்கிறது என்று முடிவு வர வேண்டுமாம். நான் சிரித்துவிட்டேன். இது பரீட்சை இல்லை, ஆயத்தம் ஒன்றும் வேண்டாம், மகனைச் சும்மா விடுங்கள் என்று சொன்னேன். போனை வைத்த பிறகும் நெடுநேரம் சிரித்தேன்.

இரண்டு கிழமை கழித்து என் மகள் குளியலறை வாசலில் நின்றுகொண்டு, தனக்கு மூன்று நாளுக்கு முன் பள்ளிக்கூடத்தில் ஓட்டம் முடிந்த கையோடு சிவப்பாகச் சலம் போனது என்று சொன்னாள். எங்கள் வீட்டில் சிறுநீருக்குச் சலம் என்றுதான் பெயர். அவளுக்குப் பதினான்கு வயது. மாதவிடாய் இல்லை என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். மூன்று நாளாக ஏன் சொல்லவில்லை என்று நான் கத்தினேன். கத்துகிறேன் என்பதால்தான் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. டாக்டரிடம் போனோம், அவர் நான் வேலை செய்யும் வைத்தியசாலைக்கே அனுப்பினார். அங்கிருந்த பெண் டாக்டர் கேள்விகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகத்தில் கல் உண்டா என்றார்.

உண்டு. என் அண்ணைக்கு. அவர் மோர்டனில் இருக்கிறார். முப்பது வயதில் கல்லில் தொடங்கியது. அதைச் சொல்லாமல் வைத்து, வேலை வேலை என்று ஓடி, கடைசியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இப்போது கிழமைக்கு மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். அதைச் சின்னப் பேணி ஒன்றில் ஊற்றி வைத்து, நாள் முழுக்க நாக்கை நனைத்து நனைத்துக் குடிப்பார். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு அந்தப் பேணிதான் கண்ணுக்குள் வந்தது. என் மகளுடைய கையில் அது இருப்பதாக ஒரு நொடி தெரிந்தது. கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்துக் கொடுங்கள், கல்சியம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் போத்தலைத் தந்தார். எப்படிச் சேர்ப்பது என்று விளக்கத் தொடங்கினார். எனக்குத் தெரியும், நான் அந்த வேலைதான் செய்கிறேன் என்று இடைமறித்தேன். மகளுக்கு அதனால் ஒரு விளக்கமும் கிடைக்காமல் போனது.

அந்த ஞாயிறு அண்ணை வீட்டுக்குப் போனோம். மகள் விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார்.

"பிள்ளை, சலம் நிறையப் போகுதோ?"

"ஓம் மாமா."

"நிறையப் போகவேணும். அதுதான் கிட்னிக்கு நல்லது. எனக்குச் சலம் போய் ஆறு வருசம்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். மகள் தலையாட்டினாள். நான் குசினியில் அண்ணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு இதைக் காதில் வாங்கினேன், மறந்தும் போனேன்.

அடுத்த ஞாயிறுதான் போத்தல் நாள். இடையில் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் நான் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. பிள்ளையின் உடம்பில் பலம் இல்லை, அதனால்தான் இப்படி என்று எனக்குள் ஒரு பிடிவாதம். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் இறங்கி குரக்கன் எனும் கேழ்வரகு மா, எள்ளுருண்டை, முருங்கையிலை, நல்ல நெத்தலிக் கருவாடு எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். காலையில் குரக்கன் புட்டு, பின்னேரம் பால், இரவுச் சோற்றுக்குக் கருவாட்டுப் பொரியல், முருங்கையிலை வறை. எங்கள் வீட்டில் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புவதும் இப்படித்தான். கடைசிக் கிழமையில் டியூஷன் இரட்டிக்கும், சாப்பாடும் இரட்டிக்கும். "காணும் அம்மா, காணும்" என்று அவள் தட்டைக் கையால் மறைப்பாள். போதும் என்று அவள் சொல்லச் சொல்ல நான் கையை விலக்கிவிட்டு இன்னும் ஒரு கரண்டி போடுவேன். பஸ் ஓட்டிவிட்டு வந்த இவர், என் வீட்டுக்காரர், இது சலம் எடுக்கவா கலியாணத்துக்கா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் பேசாமல் தன் தட்டைக் கழுவினார்.

உப்பு கூடினால் சிறுநீரில் கல்சியமும் கூடும். இது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் டாக்டர் சீனத் தாய்மாருக்கு எழுதிய துண்டுப் பிரசுரத்தைப் பிரதி எடுத்ததே நான்தான். ஆனால் வேலையில் தெரிந்தது வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிட்டது.

திங்கட்கிழமை காலை போத்தல் தயாராக இருந்தது. கழுத்து வரை நிரம்பியிருந்தது. கடைப் பைக்குள் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு ரயிலில் போனேன். சொந்தக்காரருடையதை நாங்களே வாங்கக்கூடாது என்பது விதி. ஆகவே பக்கத்தில் வேலை செய்பவளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவள் அதை ஜன்னலோரம் மற்றவற்றோடு வைத்தாள். அன்று நல்ல வெயில். அந்த வரிசையில் என் மகளுடையதுதான் உயரமாக, தெளிவாக, மெல்லிய எலுமிச்சை நிறத்தில் நின்றது. பக்கத்தில் சீனப் பிள்ளைகளின் மூன்று போத்தல்கள் அரைகுறையாக நின்றன. அவற்றைவிட என் பிள்ளையுடையது அழகு என்று எனக்குப் பட்டது. சிறுநீர்ப் போத்தலைப் பார்த்துப் பெருமைப்பட்ட தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முடிவைச் சொல்ல அந்தப் பெண் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். கல்சியம் மிகவும் அதிகமாகப் போகிறது என்றார். சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்காமல் விடுகிறது போலிருக்கிறது, இப்படியே போனால் கல் உண்டாகலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும், மருந்தும் யோசிக்க வேண்டும். என் மகள் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய்தான் நீளும். அந்தக் கோடு யாருடைய பிள்ளைகளை அளந்து போட்டது என்று கேட்டேன். எங்கள் பிள்ளைகளை யாராவது அளந்தார்களா என்றேன். சீனப் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். குரல் கூடிக்கொண்டே போனது. டாக்டர் முழுவதும் கேட்டார். நல்ல கேள்விதான் என்றார். ஆனால் யாருடைய பிள்ளைகளின் கோட்டை வைத்தாலும் இது அதற்கு மேலேதான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேநீருக்குக் கேத்திலில் தண்ணீர் பிடிக்கப் போனேன். மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளைப் படை. லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். மாதம் ஒருமுறை வினாகிரி ஊற்றிக் கொதிக்கவைத்துக் கழுவாவிட்டால் தேநீரில் செதில் மிதக்கும். அந்தக் கல்சியப் படையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னேர வெயில் குசினித் தரையில் மெல்ல நகர்ந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அண்ணையின் பேணியும், என் ரயில் பெட்டியில் ஏறும் அந்தச் சுகமான பிள்ளைகளும், அவர்களுக்குப் பக்கத்தில் இடம் இல்லாமல் நிற்கிற என் மகளும் மாறி மாறி வந்தார்கள். எனக்கு அந்தச் சீனப் பிள்ளைகள்மேல் பொறாமையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மகள் குசினி மேசைக்கு வந்து இருந்தாள். நான் திரும்பாமலே, பிழை என்னுடையது என்று சொன்னேன். கருவாட்டை, உப்பை, குரக்கனை எல்லாம் சொன்னேன். ஒன்றையும் மாற்றக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான் உன்னைப் பரீட்சைக்கு ஏற்றுவதுபோல ஏற்றிவிட்டேன், அதனால்தான் கூடியிருக்கும், டாக்டரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அவளிடம் நான் ஒரு பிழையை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் அவள் பேசுவது பெரும்பாலும் இங்கிலீஷ்தான். இதைத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, போத்தல் நிரம்பேல்லை. அரைவாசிகூட வரேல்லை. மாமா நிறையப் போகவேணும் எண்டு சொன்னவர். எனக்குப் பயமா இருந்தது. பைப்பில தண்ணி பிடிச்சு விட்டனான்."

என் வாய் வரை கோபம் வந்தது. எவ்வளவு பெரிய விஷயத்தில் விளையாடியிருக்கிறாய் என்று கேட்க நாக்குத் துடித்தது. ஆனால் கையில் கேத்தில் இருந்தது. அதன் அடியில் வெள்ளை இருந்தது. ஒன்றரை லீற்றருக்கு மேல் இந்தத் தண்ணீர், அதில் உள்ள கல்சியம் எல்லாம் சேர்ந்து அந்தப் போத்தலுக்குள் போயிருக்கிறது. பதினொரு வருடம் போத்தல் தூக்கிய கை, அந்த வெளிர் நிறத்தைப் பார்த்ததும் சந்தேகப்பட வேண்டிய கண். நானோ அழகாக இருக்கிறது என்று நின்று ரசித்திருக்கிறேன்.

"ஏன் என்னைக் கேக்கேல்லை?" என்றேன். எவ்வளவு முயன்றும் குரல் கொஞ்சம் தடித்துத்தான் வந்தது.

"குறைவா இருந்தா நீங்கள் ஏசுவீங்கள்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னாள். எண்பது எடுத்துக்கொண்டு வந்தால் மற்ற இருபது எங்கே என்று கேட்கிற வீடு எங்களுடையது. அந்தக் கேள்வியை நான் வேடிக்கையாகத்தான் கேட்பதாக நினைத்திருந்தேன். பிள்ளை தன் உடம்பில் வருகிறதுகூடக் காணாது என்று பயந்து குழாயைத் திறந்திருக்கிறாள். கேத்திலை வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் நெடுநேரம் அழுதோம்.

டாக்டரின் அலுவலகத்துக்கு அடுத்த நாள் போன் செய்து இரண்டு பேருடைய பிழையையும் சொன்னேன். நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன் என்பதை இந்தத் தடவை சொல்லவில்லை. டாக்டர் திட்டவில்லை. இன்னொரு போத்தல் தருகிறேன், வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கம்போலக் குடித்துவிட்டுக் கொண்டு வாருங்கள், அதைப் பார்த்த பிறகு மற்றதைப் பேசுவோம் என்றார். தண்ணீரைக் கழித்தாலும் அதிகமாக இருக்குமோ என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அந்தப் பதிலோடு பத்து நாள் இருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பத்து நாளுக்குள் எலும்பு சூப் அம்மா தன் மகனின் போத்தலைக் கொண்டு நேரே வந்தார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டு, என் கருவாட்டுக் கதையைச் சொன்னேன். அவர் போத்தலை மேசையில் வைத்தவர், அதிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், தான் சூப் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு கோப்பை. நாங்கள் இரண்டு பேரும் வரவேற்பு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவருடைய மகனுக்கும் புதுப் போத்தல் ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது தடவையும் ஞாயிற்றுக்கிழமைதான். இந்தத் தடவை எப்படிச் சேர்ப்பது என்று மகளுக்கு முதலில் இருந்து விளக்கினேன். அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க நான் ஒன்றும் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நாள் இல்லை. காலையில் அவள் பாணில் ஜாம் பூசிச் சாப்பிட்டாள். மதியம் சோறும் பருப்பும், கொஞ்சமாக. பின்னேரம் ஒரு பாக்கெட் சிப்ஸ். நான் பால் வேண்டுமா என்று கேட்கவில்லை, தண்ணீர் குடி என்று சொல்லவில்லை. இவர் என்னைப் பார்த்துப் பார்த்து, உடம்புக்கு ஏலாதா என்று கேட்டார். திங்கள் காலை அவள் போத்தலைக் கொண்டு வந்து குசினி ஜன்னலோரம் வைத்தாள். அரைவாசிக்குக் கீழேதான் இருந்தது. தேநீர் நிறம். என் முகத்தைப் பார்த்தாள். நான் மூடியை இறுக்கி, நேரத்தை எழுதி, பைக்குள் வைத்தேன்.

முடிவு வந்த அன்று நான் ஆறரை மணிபோல வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வைத்தியசாலையிலிருந்து போனில் செய்தி வந்திருந்தது. கண்ணாடி பைக்குள் கிடந்தது. அதைத் தேடவும் கை வரவில்லை. போனை மகளிடம் கொடுத்தேன். அவள் கதவில் சாய்ந்துகொண்டு, உதடு மட்டும் அசைய, கடைசி வரி வரை படித்தாள். கல்சியம் இருக்க வேண்டிய அளவில்தான் இருக்கிறது. சிவப்பாகப் போனது கடுமையாக ஓடியதால் இருக்கலாம். மறுபடி வந்தால் மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் செருப்பு ஒரு காலில் இருக்க, அப்படியே தரையில் இருந்துவிட்டேன்.

மகள் போனை நீட்டினாள். கணித மார்க்ஸ் கொண்டு வரும் நாளில் வாசலில் நிற்பாளே, அதே மாதிரி நின்றாள்.

"நோர்மலாம் அம்மா. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நோர்மல் மட்டும்தான்."

"காணும் பிள்ளை," என்றேன். "காணும்."